பந்தலைப் பிரித்தவர்களுக்கு கேட்டில் நின்று பதில் சொல்வோம்



சுங்குவார்சத்திரத்தில் போராட்டப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வீடு தேடிப் போய் சாம்சங் தொழிலாளர்களைப் பிடித்திருக்கிறார்கள். இன்று 2024 அக்டோபர் 9, வேலைநிறுத்தத்தின் 31ஆவது நாள். வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்து "அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் சன்னல் ஓரம் சாய்ந்து தூங்கிவிடாதீர்கள். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று இந்த வட்டாரத்தில் பஞ்ச் அடித்து உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும்தான் இதை எழுதுகிறோம். நிரந்தரம், ட்ரெயினி, காண்ட்ராக்ட் என்ற பேதம் இதில் இல்லை.

கைது நமக்குப் புதிதில்லை. மறியல் என்றால் வேன் வரும், ஏறுவோம். கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள். ஏட்டு ஒருவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர், அப்பா பெயர், ஊர் என்று எழுதுவார். மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் வரும். மூலையில் பறையோ தட்டோ எது கிடைத்தாலும் பாட்டு நடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே விடுவார்கள். செப்டம்பர் 16 அன்று ஆட்சியரைப் பார்க்க ஊர்வலம் கிளம்பிய 104 பேரைப் பிடித்தார்கள், சி.ஐ.டி.யு. தலைவர் இ. முத்துக்குமாரும் அவர்களில் ஒருவர். அக்டோபர் 1 அன்று சுமார் 900 பேர். அதையெல்லாம் போராட்டத்தின் ஒரு பகுதி என்றே எடுத்துக்கொண்டோம்.

நேற்று ராத்திரி நடந்தது அந்தக் கணக்கில் வராது. மறியல் செய்த இடத்தில் பிடிப்பது ஒன்று. தூங்குகிறவனை, பெண்டாட்டி பிள்ளை பார்க்க, கதவைத் தட்டிக் கூட்டிப் போவது வேறு. முதலாவது கூட்டத்தைக் கலைக்க. இரண்டாவது குடும்பத்தை மிரட்ட. நாளைக் காலையில் "நீ மட்டும் எதுக்குப் போகணும்?" என்று வீட்டுக்குள்ளிருந்தே ஒரு குரல் கிளம்ப வேண்டும், அதற்குத்தான் ராத்திரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். அக்டோபர் 7 அன்று தா.மோ. அன்பரசன், டி.ஆர்.பி. ராஜா, சி.வி. கணேசன் என மூன்று அமைச்சர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பேசியதைக் குறை சொல்லவில்லை, பேசத்தான் வேண்டும். ஆனால் கையெழுத்து யாரோடு? வேலைநிறுத்தம் செய்கிற சங்கத்தோடு அல்ல. ஒரு பகுதித் தொழிலாளர்களோடு. மார்ச் வரைக்கும் மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதலாக ஏ.சி. பஸ் என்று சில சலுகைகள். சங்க அங்கீகாரம் மட்டும் அதில் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெயிலில் உட்கார்ந்தது அதற்காகத்தானே? போராடுகிறவர்கள் அந்தத் தாளை ஏற்கவில்லை. மறுநாள் ராத்திரி கதவு தட்டப்படுகிறது. அதற்கடுத்த காலை பந்தல் இல்லை. இதைச் சட்டம் ஒழுங்கு என்று சொன்னால் நம்புகிற வயது நமக்குத் தாண்டிவிட்டது. பேச்சுவார்த்தை மேசையில் கிடைக்காத கையெழுத்தை ஸ்டேஷனில் வாங்கப் பார்க்கிறார்கள்.

"வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள்" என்று ஒரு பல்லவி ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், நம் ஆட்களிலேயே சிலர் இதில் மயங்குகிறார்கள். 1918இல் சென்னையில் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்களே, அதன் தலைவர் பி.பி. வாடியா தறியில் நின்றவரா? இல்லை, வெளியாள்தான். ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் அவருக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. அந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் நாடு முழுக்கச் சங்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்தது, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்க நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு வரை, ஐந்து பேருக்கு மிகாமல், வெளியாட்கள் இருக்கலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. காரணம் எளிது. உள்ளே இருக்கிற தலைவனை ஹெச்.ஆர். ஒரு கடிதத்தில் வெளியே அனுப்பிவிடலாம். வெளியே இருக்கிற தலைவனை அப்படி அனுப்ப முடியாது. அதனால்தான் அவனைப் பிடிக்கப் போலீஸ் தேவைப்படுகிறது.

இந்தக் கம்பெனியின் சொந்த ஊரில் என்ன நிலவரம்? பல பத்தாண்டுகள் சங்கமே கூடாது என்று இருந்த நிறுவனம் அது. 2020 மே மாதம் அதன் தலைமையில் இருக்கும் லீ ஜே-யோங் எல்லோர் முன்னும் நின்று, அந்தக் கொள்கை இனி இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். இந்த வருடம் ஜூலையில் கொரியாவின் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அவர்கள் சங்கத்தின் பெயரில் சாம்சங் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிலாளி அதே பெயரைத் தன் சங்கத்துக்கு வைத்தால் மட்டும் பதிவுக்கு இடைஞ்சலாம்! சங்கம் சேரும் சுதந்திரத்துக்கான சர்வதேச உடன்படிக்கையைக் கொரியா 2021இல் ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 2007லிருந்து இங்கே ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டி.வி.யும் செய்து கொடுத்த கைகளுக்கு அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயம்.

தலைவர்களைத் தூக்கினால் என்ன செய்வது என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பின்னால் நின்று போராடி ஜெயித்தார்கள். ஜெயித்த சில நாளிலேயே, மார்ச் 12 அன்று, தலைவர்களைக் கைது செய்தது வெள்ளை அரசு. மில் மறுபடி நின்றது. இந்தத் தடவை கூலிக்காக அல்ல, தலைவர்களுக்காக. மில்லோடு ஊரும் நின்றது. நெல்லையில் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். மில் போராட்டத்துக்கு எதிராகப் பேசியவரைப் பாதிச் சவரத்தோடு விட்டுவிட்டு எழுந்து போன சவரத் தொழிலாளியின் கதை தூத்துக்குடியில் இன்னும் நிற்கிறது. அவருக்கு மில்லில் வேலையில்லை, கூலி உயர்வில் பங்கும் இல்லை. அவரைப் போல நாம் இருக்கிறோமா என்று அவரவர் லைனில் நின்று யோசியுங்கள்.

யோசிக்கும்போதே செய்ய வேண்டியதும் இருக்கிறது. இன்றைக்கே உங்கள் கேட்டில் கூட்டம் போடுங்கள். பத்துப் பேர் வந்தாலும் போடுங்கள். கைதானவர்களை விடுதலை செய், போராடுகிற சங்கத்தோடு பேசு: இந்த இரண்டுக்கு மேல் கோரிக்கை வேண்டாம். சங்கம் இருக்கும் கம்பெனிகள் தொழிலாளர் துறைக்கும் முதல்வருக்கும் இன்றே தீர்மானம் அனுப்பட்டும். சாம்சங் லைனுக்கு ஆள் கேட்டு எந்தக் காண்ட்ராக்டர் வந்தாலும் போகாதீர்கள். உங்கள் அறைத் தோழனையும் போகவிடாதீர்கள். "நோ ஒர்க், நோ பே" நோட்டீஸ் ஏற்கெனவே வந்துவிட்டது, வேலையைவிட்டு நீக்கும் மிரட்டலும் வந்துவிட்டது. சம்பளம் நின்ற வீட்டுக்கு அரிசியும் வாடகைக்குப் பணமும் போக வேண்டும். அதற்கு உண்டியல் வையுங்கள், ரசீது கொடுங்கள்.

ராத்திரி கதவு தட்டப்பட்டால் ஓடாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். பக்கத்து வீட்டை எழுப்புங்கள். எதற்காகக் கைது என்று கேளுங்கள், சொல்லியாக வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ அக்கம்பக்கத்து மனிதரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும், எந்த ஸ்டேஷன் என்று உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும். அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவும் ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்வது இவை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போனைப் பிடுங்கிவிடுவார்கள், அதனால் வக்கீல் நம்பரைக் கையில் பேனாவால் எழுதி வையுங்கள். கல் எடுக்காதீர்கள். ஒரு கண்ணாடி உடைந்தால் போதும், நாளைக்குப் பேப்பரில் அந்தக் கண்ணாடி மட்டும்தான் இருக்கும்.

முன்னணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தலைவர் உள்ளே போனால் யார் பேசுவது, அவரும் போனால் யார் என்று பெயர் இன்றே முடிவாகட்டும். மைக் ஒரு நிமிடம்கூடக் கீழே இருக்கக் கூடாது. பந்தல் இல்லை என்றால் மரத்தடியில் உட்காருவோம்.

ஆளும் கூட்டணியில் நமக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருப்பவர்களும் உண்டு. நண்பர்கள் பேசட்டும், நல்லது. கேட்டில் கூட்டம் இருந்தால்தான் அவர்கள் பேச்சுக்கு எடை.

நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சுங்குவார்சத்திரம் வாருங்கள். காலை ஷிப்ட் தோழர்கள் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். சீருடையோடு வாருங்கள். ஐ.டி. கார்டைக் கழற்றிப் பையில் போட வேண்டாம். எந்தெந்தக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று காவல் துறையும் எண்ணிப் பார்க்கட்டும், சாம்சங் நிர்வாகமும் எண்ணிப் பார்க்கட்டும்.