அறத்தொடு நிற்க மறுக்கும் செவிலி

நர்ஸ் என்பதற்கு ஈடாகச் 'செவிலியர்' என்ற சொல் வழங்கும்போதெல்லாம், அதன் பின்னால் நிற்கும் அகமரபை நாம் மறந்துவிடுகிறோம். அகத்தில் செவிலி, தலைவியை வளர்த்தவள்; தோழியைப் பெற்றவள். களவை வீட்டாருக்கு உணர்த்தும் 'அறத்தொடு நிற்றல்' ஒரு வரிசையில் மேலேறும். தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். உள்வீட்டு உண்மை அதிகாரத்தின் காதை எட்டுவது இடையில் நிற்கும் செவிலியால்தான். அவள் வாய்மூடினால் வரிசை அறுந்துபோகும்.

இன்றைய மருத்துவமனையில் அந்த இடத்தில் இருப்பவர்கள் தலைமைச் செவிலியரும் செவிலியர் கண்காணிப்பாளர்களும். வார்டில் ஒரு சங்கம் முளைக்கும்போது இவர்கள் என்ன செய்கிறார்கள்? தனியார் மருத்துவமனைச் செவிலியர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார்கள் ஒரே அச்சில் வார்த்தவை. முன்னால் நின்றவளுக்கு அடுத்தடுத்து நைட் டூட்டி. விடுப்பு விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும். பழைய சிறு பிழைக்குப் புதிய மெமோ வரும். கூடவே ஓர் உபதேசம்: 'இது தொழிலல்ல, தொண்டு.' நோயாளியின் கையில் தரப்படும் பில்லில் தொண்டுக்கான கழிவு எதையும் நாம் கண்டதில்லை. தொண்டு என்ற சொல் சம்பளம் கேட்பவளிடம் மட்டுமே பேசப்படுகிறது.

பெண்ணாடத்தில் வாழும் நமக்கு இங்கே கலிக்கம்ப நாயனார் நினைவுக்கு வருகிறார், இவ்வூரார் அவர். அடியார்களின் திருவடி விளக்கும் வேளையில், முன்பு தம்மிடம் ஏவல் செய்து விலகிப்போன ஒருவரும் அடியாராக வந்து நின்றார். நீர் வார்க்க வேண்டிய மனைவி தயங்கினார். நாயனார் அக்கையை வெட்டினார் என்கிறது பெரியபுராணம். அந்த வெட்டை நாம் எந்நாளும் நியாயப்படுத்தப்போவதில்லை. நாம் பார்க்க வேண்டியது அந்தத் தயக்கத்தை. நேற்று ஏவலுக்கு நின்றவர் இன்று நிகராக வந்து நிற்கும்போது கை தானாக நின்றுவிடுகிறது. நேற்றுவரை 'சரிங்க மேடம்' என்று தலையாட்டியவள் இன்று கோரிக்கை மனுவோடு எதிரே நிற்கிறாள். கண்காணிப்பாளரின் சினத்துக்கு வேர் இதுவே.

வரலாறு அறிந்தால் இச்சினம் நகைப்புக்குரியது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908-இல் உருவானது. அதற்கு வித்து, 1905-இல் லக்னோவில் கண்காணிப்பாளர்களே தமக்கென அமைத்துக்கொண்ட சங்கம். தமக்கு ஆகும் சங்கம் பிறருக்கு ஏன் ஆகாது? அதே சங்கம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த ஆணைப்படி ஒரு குழு அமைந்தது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கைகள் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செவிலியர் ஊதியம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் தூங்கியது. கேரளத்தில் 2011-இல் தோன்றிய ஐக்கிய செவிலியர் சங்கம் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே, 2018-இல் அங்கே 20,000 ரூபாய் அரசாணையாயிற்று.

தமிழகத்தின் கதை வேறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015 முதல் தேர்வாகி, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் உழன்ற அரசுச் செவிலியர், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். போராட்டத்தைக் கைவிடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நோயாளிகளின் உயிர் என்னாவது என்ற கேள்வி அன்று உரக்க ஒலித்தது.

அக்கேள்வி நியாயமானது, போராட்ட நாளில் மட்டும் அது எழுவதுதான் அநியாயம். பொது வார்டில், போதனா மருத்துவமனையானால் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலி, பிற மருத்துவமனையானால் ஐவருக்கு ஒருத்தி என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. ஒவ்வோர் இரவும் இந்நெறி எத்தனை முறை மீறப்படுகிறது என்பதை ரோஸ்டரில் கையொப்பமிடுகிறவர் அறிவார். நோயாளியின் பெயரால் சங்கத்தைக் கண்டிப்பவர், அந்தக் கையொப்பத்துக்கும் கணக்குச் சொல்லட்டும்.

கண்காணிப்பாளரின் இக்கட்டை நாம் அறியாதவர்களல்லர். ஆள் குறைந்தால் மேலிடத்தின் வசவு முதலில் விழுவது அவர் தலையில். ஆனால் நிர்வாகத்தின் கையாக இருப்பது அவரைக் காப்பாற்றுமா? அமெரிக்காவில் 2006-இல் தேசியத் தொழிலுறவு வாரியம் ஓக்வுட் மருத்துவமனை வழக்கில், ஷிப்டில் சக செவிலியருக்கு வேலை பகிர்ந்தளிக்கும் நிரந்தரப் பொறுப்புச் செவிலியர்களை மேற்பார்வையாளர் என்று வகுத்தது. அவர்களுக்குச் சங்கப் பாதுகாப்பு பறிபோயிற்று. இங்கே 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின்படி, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் பணித் தகராறுகளைப் பொறுத்தவரை 'தொழிலாளி' அல்லர். 'இன்சார்ஜ்' என்ற பட்டத்தைக் கொடுத்து நிர்வாகம் எடுத்துக்கொள்வது எதை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நாளை அவரையே வெளியேற்றினால், அவருக்காகக் குரல் கொடுக்கக் கூடியவர்கள் அவர் நேற்று மெமோ கொடுத்த பெண்கள் மட்டுமே.

அவர்களிடம் நாம் கேட்பது புரட்சியை அல்ல. சங்கத்தில் சேர்ந்தவளை நைட் டூட்டியால் தண்டிக்காதீர்கள். 'யார் தூண்டியது?' என்று விசாரிக்கும் வேலையை நிர்வாகமே செய்துகொள்ளட்டும். வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர் என்ற எண்ணை ஒவ்வொரு மாதமும் எழுத்தில் மேலே அனுப்புங்கள். அகத்திணைச் செவிலி செய்தது இவ்வளவே: கேட்ட உண்மையை மேலே சொன்னாள். அதற்கு நம் முன்னோர் வைத்த பெயரில் 'அறம்' இருக்கிறது.