மூளை இல்லையா, முறை இல்லையா?

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, ஜூனியர் காலேஜில் சயன்ஸ் பிரிவில் சேர்ந்த சில மாதங்களிலேயே பௌதிகத்தில் தோற்றுப்போகிறது. மும்பைத் தமிழர் வீடுகளுக்கு இது புதிய கதை அல்ல. உடனே, "இவனுக்குச் சயன்ஸ் வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அல்லது கடன் வாங்கி இன்னொரு கிளாசுக்குப் பணம் கட்டுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள்.

பள்ளியில் கேள்வியும் பதிலும் புத்தகத்திலேயே இருந்தன. மனப்பாடம் கை கொடுத்தது. பதினோராம் வகுப்பில் அது செல்லாது. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன் முடுக்கம் என்ன? சூத்திரத்தை உருப்போட்ட பிள்ளை "பூஜ்யம்" என்று எழுதும். பந்து நின்றாலும் பூமியின் ஈர்ப்பு நிற்பதில்லை. முடுக்கம் அப்போதும் 9.8 தான். யோசித்தால் வரும் விடை இது, ஒப்பித்தால் வராது.

திரும்பத் திரும்பப் படித்தால் மனதில் பதியும் என்பதும் பாதி உண்மையே. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் அறிஞர்கள் மாணவர்களைச் சோதித்தனர். நான்கு தவணையும் படிப்பதிலேயே செலவிட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். ஒரு தவணை படித்து, மற்ற மூன்றில் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 சதவீதம்!

ஆகவே செய்ய வேண்டியது என்ன? அன்று நடத்திய பாடத்தை அன்று இரவே புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்க வேண்டும். மறுநாள் ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை. கணக்கின் விடையைப் பார்க்கும் முன் தானே போட்டுப் பார்க்க வேண்டும். செய்முறைக்கு 30 மார்க் உண்டு. ரிக்கார்டு நோட்டை அன்றன்றே முடிக்க வேண்டும்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு இன்னொரு சுமை, ஆங்கிலம். விசை என்றால் ஃபோர்ஸ், முடுக்கம் என்றால் ஆக்சிலரேஷன் என்று தனி நோட்டு ஒன்று போட்டுக்கொண்டால் பயம் பாதி தீரும். பாடம் புரியாதது வேறு, வார்த்தை புரியாதது வேறு.

ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டில் படிப்பது எங்கே என்ற கேள்வி நியாயமானது. அருகில் அப்யாசிகா இருந்தால் அனுப்பலாம். இல்லையேல் தினமும் இரண்டு மணி நேரமாவது டி.வி.யும் செல்போனும் ஓய்வு எடுக்கட்டும்.

பௌதிகம் தெரியாத தகப்பனாரும் உதவலாம். ஷிப்டு முடிந்து வந்ததும், "இன்று காலேஜில் என்ன நடத்தினார்கள்? எனக்குத் தமிழில் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லத் தெரிந்தால் பாடம் புரிந்திருக்கிறது. தடுமாறினால் மறுபடி படிக்க வேண்டிய இடம் தெரிந்துவிடும். இந்தப் பரீட்சைக்குக் கட்டணம் கிடையாது.