‘வயதானால் அப்படித்தான்’ என்னும் சொல்

மாங்காட்டில் காமாட்சியம்மன் கோயிலுக்கு நடந்துபோகும் தொலைவில் எங்கள் பெரியம்மாவின் வீடு. ஆறு வாரம் தொடர்ந்து எலுமிச்சம்பழத்துடன் வந்து வேண்டிக்கொள்ளும் வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வதில் அவருக்கு அலாதியான விருப்பம். சில ஆண்டுகளுக்கு முன், தமது 78ஆம் வயதில், அவர் திடீரென்று மாறிப்போனார். பகலெல்லாம் உறக்கம். இரவில் எழுந்து உட்கார்ந்து, இறந்து பல ஆண்டுகளான தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். காய்ச்சல் இல்லை, வலி என்று சொல்லவும் இல்லை. “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஒரு மருத்துவரிடம் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பத்தாம் நாள், அடுத்த தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பார்க்க வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி நோயைப் பற்றியதன்று. “பதினஞ்சு நாளைக்கு முன்னாடி அம்மா எப்படி இருந்தாங்க?” என்றார். பிறகு நாக்கைப் பார்த்தார், வறண்டிருந்தது. எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறார், கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று கேட்டார். வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்பின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பார்த்தார். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. தொட்டால்தான் சூடும் கடினமும் புலப்படும். படுக்கைப்புண்ணின் தொடக்கம் அது என்றார்.

காரணம் மெல்ல வெளிவந்தது. கழிப்பறை கொல்லையில், நடுவே விளக்கில்லாத ஒரு படி. இரவில் விழுந்துவிடுவோமோ என்று அஞ்சிப் பெரியம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தார். உடல் வறண்டு, சிறுநீரில் தொற்று ஏற்பட்டிருந்தது. முதியோருக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வராமலே போகலாம். குழப்பம் மட்டுமே அதன் அறிகுறியாக இருக்கலாம். டெலிரியம் எனப்படும் இந்தத் திடீர்க் குழப்பம், ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேயும் மறதிநோயிலிருந்து வேறானது. காரணத்தைக் கண்டு நீக்கினால் பெரும்பாலும் தெளியக்கூடியது. மருத்துவமனையில் சேர்த்த எட்டாம் நாள் பெரியம்மா எங்களைப் பெயர் சொல்லி அழைத்தார். புண் ஆற இரண்டு மாதமாயிற்று.

புறநானூற்றின் 243ஆம் பாட்டை வாசகர்கள் அறிவார்கள். அதைப் பாடியவரின் இயற்பெயர் தொலைந்துபோய், பாட்டிலுள்ள கைத்தடியே அவருக்குப் பெயராக நின்றுவிட்டது: தொடித்தலை விழுத்தண்டினார். ஊன்றுகோல், நடுக்கம், பேச்சின் இடையே இருமல் என முதுமையின் அடையாளங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பாட்டை நிறுத்துவது, மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய அந்தப் பழைய நாள். அன்று என்ன முடிந்தது, இன்று என்ன முடியவில்லை என்ற இடைவெளியில்தான் அந்த முதியவர் நமக்கு மனிதராகத் தெரிகிறார். செவிலியர் கேட்ட கேள்வியும் இதேதான். ‘முன்பு எப்படி’ என்று கேளாதவருக்கு முதியவர்கள் எல்லாரும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள்.

அன்பை அட்டவணையில் அடைப்பதா என்று இலக்கிய அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். நாங்களும் ஒருகாலத்தில் சுளித்தவர்களே. ஆனால் எங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, பார்வைதான் இல்லை. சிட்னி காட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1963இல் வெளியிட்ட பட்டியலில் ஆறே செயல்கள்: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுதல், மலசலம் அடக்குதல், உண்ணுதல். இவற்றில் எதைத் தாமே செய்கிறார், எதற்குத் துணை வேண்டும் என்று பார்ப்பதே முறை. அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்னும் செவிலியர் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு, படுக்கைப்புண் வயதின் விதியன்று, பராமரிப்பால் பெரிதும் தடுக்கக்கூடியது என்பதை நிறுவியது. இவற்றுக்கு இயந்திரம் வேண்டியதில்லை. கண்ணும் கையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

நம் ஊரும் இதில் பின்தங்கியதன்று. மருத்துவர் வி. எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1978இல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆனால் கிண்டிக்கு வருவதற்கு முன்பே, வீட்டின் உள்ளறையில் பாதிக்கதை முடிந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களைக் கவனிப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ. அந்தப் பெண்ணுக்கு நாம் கடமையைக் கற்பிக்கிறோம். எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எதைக் கவனிப்பது என்று கற்பிப்பதில்லை. புண் வந்தால் மட்டும் பழி அவளுக்கு.

2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவந்தது. படுத்த படுக்கையானோர்க்குச் செவிலியரையும் இயன்முறை மருத்துவரையும் அனுப்பியது. நல்ல முயற்சி என்பதில் ஐயமில்லை. வாசல்வரை வந்த கால்கள் இன்னும் நான்கு அடி உள்ளே வரவேண்டும் என்பதே நம் கோரிக்கை. படுக்கையில் விழும்வரை காத்திராமல், முதியவர் இருக்கும் வீடுதோறும் ஆண்டுக்கொருமுறையேனும் பயிற்சிபெற்ற செவிலியர் ஒருவர் அமர்ந்து அந்த ஆறு செயல்களையும், கழிப்பறைக்குப் போகும் வழியையும், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் பார்க்கவேண்டும். கவனிக்கும் பெண்ணுக்குக் கற்றுத்தரவும் வேண்டும்.

பெரியம்மா வீட்டுக் கொல்லையில் இப்போது ஒரு விளக்கு எரிகிறது. சுவரில் ஒரு கைப்பிடி. இரண்டுக்கும் ஆன செலவு மருத்துவமனையில் ஒரு நாள் கட்டணத்தைவிடக் குறைவு. அந்தப் படியைத் தினமும் தாண்டிய ஐவரில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை என்பதுதான் இன்றும் எங்களை உறுத்துகிறது.