கையடக்க நுண்ணோக்கி யார் கையில் இருக்க வேண்டும்?

லேடாங் மலைக்கு அருகில் உள்ள தங்காக், துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். நுண்ணோக்கியின் வரலாற்றிலும் துணி வணிகத்திற்கு ஓர் இடம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து நாட்டில் வாழ்ந்த லீவன்ஹூக் ஒரு துணி வணிகர். துணியின் இழைகளைச் சோதிக்க உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்திய அவர், பின்னர்த் தாமே நுண்ணோக்கிகளைச் செய்து நுண்ணுயிர்களைக் கண்டார். அத்தகைய கருவி இன்று திறன்பேசியுடன் இணைக்கும் அளவிற்குச் சிறிதாகிவிட்டது. தோலின் ஒரு சிறு பகுதியைத் திரையில் பெரிதாகக் காட்டும் இதனை, இணையக் கடைகளில் எவரும் வாங்கலாம். ஆனால், நோயறிய இதனை யார் பயன்படுத்த வேண்டும்?

சொறிசிரங்கு நோய் இதற்குத் தக்க சான்றாகும். உலகச் சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான உண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் இந்நோய் உண்டாகிறது. இரவில் அரிப்பு மிகும். பிள்ளைகளின் உறக்கம் கெடும். ஒவ்வாமை என்று எண்ணிச் சிலர் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுகின்றனர். அது அரிப்பைத் தணிக்குமே தவிர, உண்ணியைக் கொல்லாது. அதற்குள் நோய் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பரவிவிடும். தோலைப் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், வளையின் முனையில் கருமையான சிறு முக்கோணம் ஒன்று தெரியும். அதுவே அந்த உண்ணியின் முன்பகுதி. பயிற்சி பெற்றவர் அதனைக் கண்டறிந்தால், குடும்பத்தார் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை அளிக்கலாம்.

தோல்நோய் நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலேயே பணியாற்றுகின்றனர். செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் அவர்களைக் காணச் சென்றால், ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். உள்ளூர்க் கிளினிக்கில் உள்ள தாதி படமெடுத்து நிபுணருக்கு அனுப்பினால், யார் உடனே செல்ல வேண்டும், யார் காத்திருக்கலாம் என்பது தெளிவாகும்.

அப்படியானால், வீட்டுக்கு ஒரு கருவி இருந்தால் நல்லதல்லவா எனச் சிலர் கேட்கலாம். பெரிதாக்கிப் பார்த்தால் நலமான தோலும் அச்சமூட்டும். மாறாக, உள்ளங்காலில் தோன்றும் புற்றுநோய்ப் புள்ளியைச் சாதாரண மச்சம் என எண்ணி அலட்சியம் செய்யவும் வாய்ப்புண்டு. வீண் அச்சமும் பொய்யான நிம்மதியும் ஒரே அளவு தீங்கானவை.

ஆகவே, இக்கருவி முதலில் சிறுநகரக் கிளினிக்குகளைச் சென்றடைய வேண்டும். பயன்படுத்துவோர்க்கு முறையான பயிற்சி தேவை. ஒவ்வொருவரையும் சோதித்த பின்னர்க் கருவியைத் தூய்மைப்படுத்த வேண்டும். நோயாளியின் ஒப்புதலின்றிப் படமெடுக்கக் கூடாது. நுண்ணோக்கி தோலைப் பெரிதாக்கிக் காட்டும். நோயை அடையாளம் காண்பது பயின்ற கண்ணே.