கபரகொய்யாவும் கருணைக் கூண்டும்

விலங்கொன்றை அடைத்து வைக்கும் எவனும் தன்னைக் கொடியவன் எனக் கூறிக்கொள்வதில்லை. அன்பு, அறிவு, பாதுகாப்பு ஆகிய மூன்றில் ஒரு சொல்லைக் கூண்டின் வாயிலில் எழுதி வைத்த பின்னரே அவன் பூட்டைத் தேடுகின்றான். இன்று அச்சொற்களுக்கு இரையாகி நிற்கும் உயிர்களுள் ஒன்று, சிங்களத்தில் கபரகொயா என்றும் நம்மவர் வாயில் கபரகொய்யா என்றும் வழங்கும் நீருடும்பாகும்.

தெஹியோவிட்ட இறப்பர்த் தோட்டங்களினூடே ஓடும் ஓடைகளிலும் சீதாவக்க ஆற்றங்கரையிலும் இவ்விலங்கு மக்களுக்குப் புதியதன்று. பழகிய விலங்காயினும் மனிதனிடம் அது பெற்ற நீதி சொற்பமே. 1681இல் வெளியான தமது நூலில் றொபேட் நொக்ஸ், இந்நாட்டவர் விரும்பி உண்ணும் தலகொய்யாவையும் உண்ணாது விலக்கும் கபரகொய்யாவையும் வேறுபடுத்திக் காட்டினார். 1861இல் எமேர்சன் டெனன்ற் எழுதிய இயற்கை வரலாற்று நூலோ, நஞ்சு காய்ச்சுவோர் மூன்று கபரகொய்யாக்களை நெருப்பைச் சுற்றிக் கட்டி, சாட்டையால் அடித்து, அவற்றின் சீற்றத்தால் தீயை மூட்டியதாகச் சொல்லப்பட்ட வழக்கமொன்றைக் குறிப்பிடுகின்றது. அன்று வெறுப்புக் கட்டிப்போட்டது. இன்று விருப்பம் கட்டிப்போடுகின்றது. கட்டுண்ட விலங்குக்கு இதனால் விளைந்த வேறுபாடு யாது?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தென்கிழக்காசிய நகரங்களிலும் நீருடும்பைச் செல்லப்பிராணியாக வளர்ப்போர் உளர். சாய்வு நாற்காலியில் மனிதனருகே படுத்திருக்கும் நீருடும்பின் படம் கைப்பேசி வழியே தோட்டத்து இளைஞனையும் எட்டுகின்றது. ஓடைக்கரைக் குஞ்சொன்றைப் பிடித்துத் தொட்டியில் இட்டால் என்ன என்னும் எண்ணம் முளைப்பதற்கு அப்படமே போதும்.

முதலில் அன்பு என்னும் வாதத்தை நோக்குவோம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஏறத்தாழ ஓர் அடி நீளமே உடையது. மஞ்சட் புள்ளிகளால் கண்ணைக் கவர்வது. சில ஆண்டுகளில் அது ஐந்தாறு அடியை எட்டிவிடும். கண்டியில் அளக்கப்பட்ட ஒன்று 3.21 மீற்றர் நீளமுடையதாக இருந்தது. பக்கவாட்டில் தட்டையான வாலால் நீரைக் கிழித்து நீந்தவும், மரமேறவும், வளை தோண்டவும், பிளவுபட்ட நாவினால் தொலைவிலுள்ள இரையின் வாடையை அறியவும் அமைந்த உடல் அது. திரும்பினால் வால் இடிக்கும் தொட்டியில் இவ்வுறுப்புகளுக்கு என்ன வேலை? வலையில் முட்டி முட்டி மூக்குப் புண்ணாகின்றது. அலைந்து தேடாமல் உண்ட உணவு கொழுப்பாகத் திரள்கின்றது. இறுதியில் வளர்த்தவனே, “உடும்பும் வேண்டாம், கையை விட்டால் போதும்” என்னும் நிலைக்கு வருகின்றான். அவன் எங்கோ கொண்டுபோய் விடும் விலங்கு அங்குள்ள உயிர்களுக்கு இடராவதும் உண்டு. ஆபிரிக்காவைச் சேர்ந்த நைல் உடும்பு, செல்லப்பிராணி வணிகத்தின் வழியே அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்று, 1990களிலிருந்து கேப் கோரல் நகரில் பெருகியமை இதற்குச் சான்றாகும்.

அறிவுக்காக வளர்க்கின்றோம் என்போர் அடுத்து வருகின்றனர். கோழித் துண்டுக்காக வாய் திறப்பதையன்றிக் கூண்டுக் கபரகொய்யா எதனைக் கற்பிக்கும்? ஆற்றங்கரையிலோ அது நண்டையும் மீனையும் பாம்பையும் எலியையும் வேட்டையாடுகின்றது. மிதந்துவரும் பிணங்களைத் தின்று நீரைத் துப்புரவாக்குகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் எலிக்காய்ச்சலால் பெரிதும் துன்புறுவன. சேற்றில் நின்று உழைப்போரையே அந்நோய் மிகுதியாகத் தாக்குகின்றது. அத்தகைய மண்ணில் எலியுண்ணும் விலங்கொன்றைப் பிடித்து அடைப்பதை அறிவுத் தேடல் என்பது நகைப்புக்குரியது.

தெருவில் வாகனங்களும் ஊரில் நாய்களும் அதனைக் கொல்கின்றனவே, கூண்டு பாதுகாப்பன்றோ என்பது மூன்றாவது வாதம். ஆபத்து உண்மையே. தென்கிழக்காசியாவில் தோலுக்காக மட்டும் ஆண்டுதோறும் பெருந்தொகையான நீருடும்புகள் கொல்லப்பட்டு வந்துள்ளன. ஆயினும் ஆற்றங்கரையை அழியவிட்டு ஆற்று விலங்கைத் தொட்டியிற் காப்பது, வேரை வெட்டிவிட்டு இலைக்கு நீர் தெளிப்பதை ஒக்கும். காயமுற்றதை எடுத்து மருந்திட்டு மீண்டும் விடுவது வேறு. நலமுள்ளதைப் பிடித்துப் பூட்டுவது வேறு. பிந்தியதை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் தடுக்கின்றன. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் கைவிட வேண்டியதுமன்று இது. 2007இல் வெளியான ஆய்வொன்று, இந்நாட்டு நீருடும்பை இலங்கைக்கே உரிய துணையினமாக வரையறுத்துள்ளது. நமது ஓடைகளில் அழிந்தால் அதனை வேறெங்கிருந்து கொண்டுவருவது?

எஞ்சி நிற்பது எல்லாவற்றிலும் வலிய வாதம்: “வேளைக்கு உணவு கொடுக்கின்றோம், கூரை கொடுக்கின்றோம், நோய் வந்தால் மருந்தும் கொடுக்கின்றோம். இன்னும் என்ன குறை?”

தோட்டத்து மக்கள் இக்கேள்வியை முன்னரே கேட்டிருக்கின்றனர். 10 அடிக்கு 12 அடி லயத்து அறையில் ஒரு குடும்பத்தை வைத்து, அரிசியையும் கூரையையும் மருந்துக் குப்பியையும் கணக்குக் காட்டிய தோட்டத்துரைமாரின் கேள்வி அது. அன்றைய கணக்கேட்டில் உணவுக்கு இடமிருந்தது. போக விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமைக்கு இடமிருக்கவில்லை. அந்த லயங்களில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர்.

மனிதருக்கே காணியில்லாத மண்ணில் ஓர் உடும்புக்கு வக்காலத்தா எனச் சிலர் சினக்கலாம். மனிதரையும் விலங்கையும் ஒரே தட்டில் நிறுப்பதன்று இங்கு நோக்கம். பிறிதோர் உயிருக்கு எவ்வளவு போதும் என்பதைத் தன் வசதிக்கேற்பத் தீர்மானிக்கும் அதிகாரத்தையே இங்கு கண்டிக்கின்றோம். அவ்வதிகாரத்தின் கீழ் தலைமுறைகளாக நசுங்கியவர்களின் பிள்ளைகள், தம் கையில் அகப்பட்ட சிற்றுயிரிடம் அதனையே செலுத்துவது வரலாற்றை மறந்த செயலன்றோ!

கபரகொய்யாவை அறிய விரும்பும் மாணவன் தொட்டி வாங்க வேண்டியதில்லை. குறிப்பேட்டுடன் அதிகாலையில் சீதாவக்க ஆற்றங்கரைக்குச் சென்று அசையாது அமர்ந்திருக்கட்டும். வெயிலேறக் கரையேறி வரும் அது, அவனைக் கண்டதும் நீரில் இறங்கி மறையவும் கூடும். மறைந்து செல்லும் உரிமை அதற்கு உண்டு என்பதையும் அவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.