காமிக்ஸுக்கு ஓர் அலமாரி வேண்டும்

மதிப்பிற்குரிய பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் காமிக்ஸ் ரசிகர்கள் வேடமிட்டு வந்து கூடும் காமிக் கான் விழா சென்னையில் முதன்முறையாக நடந்தது. ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ஃபோம் அட்டையை வெட்டி, வெள்ளி வண்ணம் பூசிக் கவசம் செய்து மாட்டியிருந்தான் ஒரு பையன். நெரிசலில் தோள்பட்டைத் துண்டு பிய்ந்து விழுந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர், ஜப்பானிய காமிக்ஸ் நாயகன் நருட்டோவின் வேடத்தில் இருந்தவர், அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்து தன் பையிலிருந்த பசையை எடுத்து ஒட்டி, காயும்வரை கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த கூட்டங்களில் இப்படியொரு பரிவு அபூர்வம்.

ஓவியர்கள் வரிசையில் ஓர் இளைஞர் தானே வரைந்த கதையை ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்து விற்றுக்கொண்டிருந்தார். மகள் நின்றபடியே பாதியைப் படித்துவிட்டாள். அவர் தடுக்கவே இல்லை. “முழுசா படிம்மா” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். இதே பிள்ளை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் காமிக்ஸ் கேட்டபோது கிடைத்தவை அட்டை கிழிந்த இரண்டே இதழ்கள்.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-லேயே வரத் தொடங்கிவிட்டது. முதல் இதழே இரும்புக்கை மாயாவி. பள்ளிப் பாடத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்த நான் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கப் பழகியது மாயாவியின் வசனங்களில்தான். ஆகவே காமிக்ஸை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது ஒதுக்கினால் எனக்கு வலிக்கிறது.

ஐயா, காமிக் கான் நுழைவுச் சீட்டு எல்லா வீட்டுக்கும் எட்டாது. நூலகத்துக்குச் சீட்டு கிடையாது. நாட்டுக்கே முன்னோடியாக 1948-ல் இங்கே பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். அந்தப் பணத்தில் ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் காமிக்ஸுக்கென ஓர் அலமாரி வையுங்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்ளூரில் வரைபவர்களுக்கு நூலகக் கூடத்தில் மேசை போட்டுக் கொடுங்கள். கூட்டம் வருமா என்று கேட்பார்கள். டோக்கியோவில் காமிக்கெட் என்ற சந்தை 1975 டிசம்பரில் தொடங்கியபோது, சொந்தமாக அச்சிட்ட இதழ்களோடு வந்தவை 32 குழுக்கள்தான். பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய 700 பேர். இன்று அது லட்சக்கணக்கானோர் திரளும் இடம். பெரிய பதிப்பகம் எதுவும் தொடங்கி வைத்ததல்ல, ரசிகர்களே நடத்தியது. நம் கூடத்தில் முதல் வருடம் பத்து மேசை நிறைந்தாலே போதும்.

நான் பைண்டு செய்து வைத்திருக்கும் பழைய இதழ்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. அலமாரி தயாரானதும் சொல்லியனுப்புங்கள், நானே கொண்டுவந்து அடுக்கித் தருகிறேன். மகள் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கதை வரைந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஒரு மேசை வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஒரு நூலக உறுப்பினர்