ஐந்து ரூபாய் காசுக்குப் பத்து லட்சமா?



இப்போ நம்ம பள்ளியில் இடைவேளை மணி அடிச்சா போதும், ஆளாளுக்குக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாங்க. "இது நாளைக்கு லட்சத்துக்குப் போகும்" என்கிறார் ஒருத்தர். "அது இல்ல, இதுதான் போகும்" என்கிறார் இன்னொருத்தர். போன வாரம் ஏழாம் வகுப்புத் தம்பி ஒருவன் ஒரு 5 ரூபாய் காசை 50 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காசு 2012 என்று வருடம் போட்ட, வைஷ்ணவ தேவி படம் உள்ள காசு. இதே காசுதான் எங்கள் பெரியப்பாவிடமும் இருந்தது. பத்து லட்சம் தருவதாக செல்போனில் ஒரு வீடியோ வந்தது. அந்த நம்பருக்குப் பேசினார். முதலில் பதிவுக் கட்டணம் 1,250 ரூபாய் கேட்டார்கள். கட்டினார். பிறகு வரி என்று 3,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் கட்டினார். அதோடு போன் சுவிட்ச் ஆஃப். எங்க பாட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "காசை வாங்குறவன்தானே பணம் கொடுக்கணும்? அவன் எதுக்குடா உன்கிட்ட கேட்கிறான்?" பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்குத் தெரிந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பழைய காசு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

அப்படியென்றால் எந்தக் காசுக்குமே விலை ஏறாதா? ஏறும். ஆனால் பழையது என்பதால் மட்டும் ஏறாது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜராஜ சோழனின் செப்புக் காசு நிறையக் கிடைத்திருப்பதால், சேகரிப்பவர்களிடம் அதற்குப் பெரிய விலை கிடையாது. 2011 ஜூன் 30-க்குப் பிறகு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாமல் போயின. ஆனால் எல்லார் வீட்டு உண்டியலிலும் அது கிடக்கிறதே, யார் விலை கொடுப்பார்கள்?

விலை ஏற மூன்று விஷயம் சேரணும். ஒன்று, குறைவாக அடித்திருக்கணும். இரண்டு, தேயாமல் புதுசு போல இருக்கணும். மூன்று, அதைத் தேடுகிறவர்கள் நிறைய இருக்கணும். காசில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், டைமண்ட் வடிவம் இருந்தால் மும்பை, ஒன்றும் இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே வருடத்துக் காசிலேயே ஓர் ஊரில் குறைவாக அடித்திருப்பார்கள். சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள். இன்னொன்று, புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பளபளப்பு வரும், விலை போய்விடும்.

அப்படியே விலை ஏறினாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் கூட்டு வட்டி படித்தோமே! 8 சதவீத வட்டியில் பணம் சுமார் 9 வருடத்தில் இரட்டிப்பாகும். 36 வருடத்தில் 1 ரூபாய் 16 ரூபாய் ஆகிவிடும். அப்படியானால் 36 வருடம் பத்திரமாக வைத்த 1 ரூபாய் காசு 10 ரூபாய்க்குப் போனால், அது லாபமா நஷ்டமா?

எனக்குச் சிரிப்பு வருவது எதற்குத் தெரியுமா? 10 ரூபாய் நாணயம் செல்லும், 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் சொல்லியும், கடையில் கொடுத்தால் "செல்லாது பாப்பா" என்கிறார்கள். அரசாங்கம் செல்லும் என்று சொன்ன காசை நம்ப மாட்டார்கள். யாரோ ஒருவர் 5 ரூபாய்க்குப் பத்து லட்சம் என்றால் உடனே நம்புவார்கள்!

காசு சேர்ப்பது நல்ல பழக்கம்தான். நானும் சேர்க்கிறேன். தஞ்சாவூரில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது 1995-இல் வந்த திருவள்ளுவர் காசு, 2003-இல் வந்த காமராஜர் காசு, 2009-இல் வந்த அண்ணா காசு எல்லாம் சில்லறையில் கிடைத்தால் எடுத்து வையுங்கள். 5 ரூபாய் காசை 5 ரூபாய்க்கே எடுத்து வைத்தால், விலை ஏறாவிட்டாலும் அது 5 ரூபாய்தான். நஷ்டமே இல்லை. 50 ரூபாய் கொடுத்து வாங்கினால், ஏறாதபோது 45 ரூபாய் போச்சு. ஊகம் செய்யலாம், ஊகத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கடைசியாக ஒன்று. அந்தத் தம்பி கொடுத்தது நோட்டு வாங்க அவன் அம்மா தந்த பணம். விற்றவரும் நம்ம பள்ளி அண்ணன்தான். பெயர் எழுத மாட்டேன். அண்ணா, அந்த 45 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துடுங்க, ப்ளீஸ்.

- 9ஆம் வகுப்பு மாணவி